லின்ட்டர் போட்டோம், மூன்றே வாரத்தில் எல்லோரும் கைவிட்டுவிட்டார்கள். எங்கே தப்பு?

முதலில் கேள்வியைச் சுருக்கமாக எடுத்து வைக்கிறேன், அப்போதுதான் பதில் புரியும். எட்டுப் பேர் டீம், நான்கு வருடப் பழைய ரெப்போ (நிரல் முழுவதும் இருக்கும் களஞ்சியம்), பாதி ஜாவாஸ்கிரிப்ட், பாதி பைத்தான். ஆளுக்கொரு பாணியில் எழுதுகிறார்கள். ஒருவர் எழுதியதை இன்னொருவர் சரிபார்க்கும் ரிவ்யூவில் வரும் கமென்ட்டுகளில் பாதி இடைவெளி, மேற்கோள் குறி, கமா பற்றியே. சரி, நிரலைப் படித்துப் பிழைகளையும் விதி மீறல்களையும் காட்டும் லின்ட்டர் ஒன்றைப் போடுவோம் என்று போட்டால் முதல் ஓட்டத்திலேயே ஆறாயிரத்துச் சொச்சம் எரர். மலைத்துப்போய் எல்லாவற்றையும் வார்னிங்காக மாற்றினீர்கள், மூன்று வாரத்தில் அதை ஒருவரும் திரும்பிப் பார்ப்பதில்லை, இரண்டு பேர் எடிட்டரிலேயே அணைத்துவிட்டார்கள். போதாததற்கு டீமின் மூத்தவர் ஒருவர், தான் அழகாக வரிசைப்படுத்தி வைத்திருக்கும் அட்டவணைகளை எந்த மெஷினும் தொடக் கூடாது என்கிறார். மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தால் எப்படிச் செய்வது?

டூலில் தப்பில்லை. செய்த வரிசையில்தான் தப்பு. இரண்டு வேறு வேலைகளை ஒரே நாளில் ஒரே டூலிடம் ஒப்படைத்து, பழைய நிரல் புதிய நிரல் என்று பார்க்காமல் எல்லாவற்றின் மீதும் ஓட்டிவிட்டீர்கள். கிட்டத்தட்ட எல்லோரும் முதல் தடவை இப்படித்தான் செய்கிறார்கள், நானும் செய்திருக்கிறேன்.

அந்த இரண்டு வேலைகளைப் பிரித்துப் பார்ப்போம். லின்ட் என்ற பெயரே துணியில் ஒட்டிக்கொள்ளும் பஞ்சுத் துணுக்கைக் குறிக்கும் சொல். 1970களின் கடைசியில் பெல் லேப்ஸில் ஸ்டீபன் ஜான்சன் (நிரல் மொழியின் இலக்கணத்தைப் பிரிக்கும் நிரலை உருவாக்கித் தரும் யாக் என்ற டூலை எழுதிய அதே ஆள்தான்) சி மொழிக்காக எழுதிய சின்ன டூலுக்கு அந்தப் பெயரை வைத்தார். நிரலை இயங்கும் வடிவத்துக்கு மாற்றும் கம்பைலர் ஒன்றும் சொல்லாமல் விட்டுவிடும், ஆனால் பார்த்தால் சந்தேகம் வரும் இடங்களைக் காட்டுவதுதான் அதன் வேலை: பயன்படுத்தாத வேரியபிள், வகை பொருந்தாத ஃபங்ஷன் அழைப்பு, கட்டுப்பாடு ஒருபோதும் போய்ச் சேராத வரி. எத்தனை ஸ்பேஸ் விட்டீர்கள் என்பதில் அது மூக்கை நுழைக்கவில்லை. அப்புறம் வந்த லின்ட்டர்கள்தான் கமா, அடைப்புக்குறி, வரி நீளம் என்று எல்லாவற்றுக்கும் விதி சேர்த்துக்கொண்டே போயின, கடைசியில் "லின்ட்டர் என்றால் ஸ்பேஸ் பார்க்கும் போலீஸ்" என்கிற எண்ணமே வந்துவிட்டது. 2013-இல் ஆரம்பித்த ஜாவாஸ்கிரிப்ட் லின்ட்டரான ஈஎஸ்லின்ட்டே பத்து வருடம் அந்த வேலையைச் செய்து களைத்துப்போய், 2023-இல் 8.53 பதிப்பில், வடிவம் பற்றிய விதிகளையெல்லாம் இனி நாங்கள் பராமரிக்கப்போவதில்லை என்று ஓரம் கட்டியது. அதை உருவாக்கியவர்களே கைவிட்ட வேலையை நீங்கள் அதன் தலையில் கட்டாதீர்கள்.

உங்கள் ஆறாயிரம் எரரில் ஐயாயிரமாவது ஸ்பேஸ், கமா, மேற்கோள் குறி சமாச்சாரமாக இருக்கும் என்பது என் ஊகம். இவற்றை மனிதர்கள் படித்துத் திருத்த வேண்டிய அவசியமே கிடையாது. இவை ஃபார்மேட்டரின் வேலை. ஜாவாஸ்கிரிப்ட்டுக்கு பிரெட்டியர், பைத்தானுக்கு பிளாக் அல்லது ரஃப் என்ற டூலில் உள்ள ஃபார்மேட்டர். இவை லின்ட்டர் மாதிரி ஒவ்வொரு விதியாகச் சரிபார்ப்பவை அல்ல. ஃபைலை முழுதாகப் படித்து ஒரு இலக்கண மரமாக மாற்றிவிட்டு, நீங்கள் விட்ட இடைவெளி, வரி முறிவு இவற்றில் பெரும்பாலானவற்றைத் தூக்கி எறிந்துவிட்டு, அந்த மரத்திலிருந்து நிரலைப் புதிதாக அச்சடிக்கின்றன. அதனால் ஒரே மரம் எழுதினால், யார் எழுதினாலும், கிட்டத்தட்ட ஒரே மாதிரிதான் வெளியே வரும். ஆளுக்கொரு பாணி என்ற பிரச்சினை இங்கேயே செத்துவிடுகிறது. "இங்கே ஒரு ஸ்பேஸ் விடவும்" என்று எழுத வேண்டிய தேவையே ரிவ்யூவில் வராது.

கோ மொழி 2009-இல் வெளியே வந்தபோது கோஃபம்ட் என்ற ஃபார்மேட்டரும் அதனுடனேயே வந்தது, அதில் பாணியை மாற்றிக்கொள்ள விருப்பத் தேர்வே கிடையாது. அந்தப் பாணி ரொம்பப் பிடித்திருக்கிறது என்று சொன்ன ஒருவரைக்கூட நான் சந்தித்ததில்லை. ஆனால் அது இருப்பது பிடிக்கும் என்று சொல்லாத கோ நிரலாளரையும் சந்தித்ததில்லை. 2017-இல் பிரெட்டியர், 2018-இல் பிளாக், இரண்டும் அதே வழிதான்: தேர்வுகள் கொஞ்சம், வாதம் வேண்டாம். பைத்தானின் பெப் 8 வழிகாட்டி வரிக்கு 79 எழுத்து என்கிறது, பிளாக் 88 என்கிறது, பிரெட்டியர் 80. இதில் எது சரி என்று மீட்டிங் போட்டால் அன்றைய நாள் போச்சு. டூல் தருவதை அப்படியே வைத்துக்கொள்ளுங்கள். ஒன்றே ஒன்றுக்கு மட்டும் விதிவிலக்கு தருவேன்: பார்வைக் குறைபாடு உள்ள ஒருவர் டீமில் இருந்து, ஸ்பேஸுக்குப் பதில் டேப் வேண்டும் என்று கேட்டால் கொடுத்துவிடுங்கள். டேப்பின் அகலத்தை அவரவர் எடிட்டரில் அவரவருக்கு வசதியாக வைத்துக்கொள்ளலாம், ஸ்பேஸில் அது முடியாது. அது ருசி பற்றிய வாதம் இல்லை, தேவை.

சரி, நான்கு வருடப் பழைய ரெப்போ மீது ஃபார்மேட்டரை எப்படி ஓட்டுவது? கொஞ்சம் கொஞ்சமாக, தொடும் ஃபைலை மட்டும் என்று நிறையப் பேர் சொல்வார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. அப்படிச் செய்தால் அடுத்த ஒரு வருடத்துக்கு ஒவ்வொரு புல் ரிக்வெஸ்ட்டிலும் (மாற்றத்தைச் சேர்க்கச் சொல்லும் கோரிக்கை) மூன்று வரி உண்மையான மாற்றமும் முன்னூறு வரி இடைவெளி மாற்றமும் கலந்து கிடக்கும், ரிவ்யூ செய்பவர் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு அந்த மூன்று வரியைத் தேட வேண்டும். ஒரே கமிட்டில் (கிட் என்ற பதிப்பு டூலில் ஒன்றாகச் சேமிக்கும் மாற்றம்), ரெப்போ முழுவதையும், ஒரே மூச்சில் செய்துவிடுங்கள். அந்தக் கமிட்டில் ஃபார்மேட்டர் செய்த மாற்றத்தைத் தவிர வேறு ஒரு எழுத்துகூட இருக்கக் கூடாது. "போகிற போக்கில் இதையும் திருத்திவிட்டேன்" என்று யாராவது சேர்த்தால் திருப்பி அனுப்புங்கள், ஏனென்றால் ஐந்நூறு ஃபைல் மாறிய கமிட்டில் அந்த ஒரு வரியை யாரும் பார்க்கப்போவதில்லை.

எந்த வரியை யார் கடைசியாக மாற்றினார் என்று காட்டும் வசதி கிட் பிளேம். அதனால் இதற்கு உடனே வரும் மறுப்பு: "கிட் பிளேம் முழுக்க கெட்டுவிடுமே, எந்த வரியைப் பார்த்தாலும் ஃபார்மேட் செய்தவர் பெயர்தானே வரும்?" முன்பு நியாயமான பயம்தான். 2019-இல் வந்த கிட் 2.23 பதிப்பிலிருந்து, ஒரு ஃபைலில் கமிட் எண்களை எழுதி வைத்தால் பிளேம் அந்தக் கமிட்டுகளைத் தாண்டிப் பின்னால் போய் உண்மையில் எழுதியவரைக் காட்டும். அந்த ஃபைலை ரெப்போவிலேயே வைத்து, கிட் கான்ஃபிக்கில் ஒரு வரி சேர்த்தால் போதும். கிட்ஹப்பும் அதே ஃபைலை, அதற்குரிய பெயரில் வைத்தால், எடுத்துக்கொள்கிறது. மெர்ஜ் செய்யும்போது, அதாவது டீமின் முதன்மைக் கிளையான மெயினில் சேர்க்கும்போது, ஸ்குவாஷ் செய்தால் (கமிட்டுகளை ஒன்றாகச் சுருக்கினால்) கமிட் எண் மாறிவிடும், அதனால் மெர்ஜ் முடிந்த பிறகு மெயினில் இருக்கும் எண்ணை எழுதுங்கள். இதைத் தப்பாக எழுதிவிட்டு, ஏன் வேலை செய்யவில்லை என்று நான் அரை நாள் தேடியிருக்கிறேன்.

பிளேமைவிடப் பெரிய தலைவலி, அந்த நேரத்தில் திறந்திருக்கும் பிராஞ்சுகள், அதாவது ஒவ்வொருவரும் தனியே வேலை செய்துகொண்டிருக்கும் கிளைகள். ஃபார்மேட் கமிட் மெயினில் ஏறிய மறுநிமிடம் எல்லோருடைய பிராஞ்சும் கான்ஃப்ளிக்ட்டில் (ஒரே இடத்தில் இரண்டு மாற்றம் மோதுவது) மாட்டிக்கொள்ளும், அதைக் கையால் தீர்க்க உட்கார்ந்தால் டீம் உங்களை மன்னிக்காது. கையால் தீர்க்கவே வேண்டாம். ஒவ்வொரு பிராஞ்சிலும் முதலில் ஃபார்மேட் கமிட்டுக்குச் சரியாக ஒரு கமிட் முன்புவரை உள்ள மெயினை மெர்ஜ் செய்யுங்கள், அது வழக்கமான மெர்ஜ்தான். பிறகு அதே ஃபார்மேட்டரை, அதே கான்ஃபிக்குடன், பிராஞ்சின் மீது ஓட்டிக் கமிட் செய்யுங்கள். அதன் பிறகு ஃபார்மேட் கமிட்டை மட்டும் "அவர்ஸ்" என்ற உத்தியுடன் மெர்ஜ் செய்யுங்கள், அதாவது என் பக்கம் இருப்பதையே அப்படியே வைத்துக்கொள் என்று கிட்டுக்குச் சொல்கிறீர்கள். இரண்டு பக்கமும் ஏற்கெனவே ஒரே ஃபார்மேட்டர் வழியாக வந்துவிட்டதால் இதில் எதுவும் தொலையாது. பிறகு மீதி மெயினை வழக்கம்போல மெர்ஜ் செய்யலாம். இந்த நாலு கட்டளைகளை ஒரு சின்ன ஸ்கிரிப்ட்டில் போட்டு எல்லோருக்கும் கொடுத்துவிட்டால் எட்டுப் பேருக்கும் சேர்த்துப் பெரிய வேலையில்லை. ஆனால் எந்த மெர்ஜுக்கும் அவர்ஸ் போடலாம் என்று யாரும் எடுத்துக்கொள்ளக் கூடாது, அந்த ஒரே கமிட்டுக்கு மட்டும்.

"ஃபார்மேட்டர் நிரலின் நடத்தையை மாற்றிவிட்டால்?" பிளாக் தானே, மாற்றத்துக்கு முன்னும் பின்னும் இலக்கண மரத்தை ஒப்பிட்டுப் பார்த்துவிட்டுத்தான் ஃபைலை எழுதுகிறது. ஜாவாஸ்கிரிப்ட் பக்கம் நான் செய்வது: ஃபார்மேட் செய்வதற்கு முன் ஒரு புரொடக்ஷன் பில்ட், பின் ஒரு பில்ட், இரண்டின் சுருக்கிய வெளியீட்டையும் ஒப்பிடுவது. இடைவெளியும் கமென்ட்டும் அதில் இருக்காது என்பதால் பெரும்பாலும் ஒன்றாகவே வரும். வேறுபடும் இடம் இருந்தால் அந்த இடத்தை மட்டும் கண்ணால் பாருங்கள். டெஸ்ட் ஓட்டுவதைவிட இது மனதுக்கு நிம்மதி.

விண்டோஸில் வேலை செய்பவர் யாராவது டீமில் இருந்தால் இன்னொரு பொறி இருக்கிறது. வரி முடிவில் விண்டோஸ் இரண்டு எழுத்து வைக்கும், லினக்ஸும் மேக்கும் ஒன்று வைக்கும். கிட் அதை மாற்றி மாற்றிக் கொடுக்கும். பிரெட்டியர் 2020-இல் வந்த 2.0 பதிப்பிலிருந்து லினக்ஸ் முறையைத்தான் எதிர்பார்க்கிறது, அதனால் அந்த ஒருவருக்கு மட்டும் ஒவ்வொரு வரியும் எரர் என்று வரும், அவரும் "இந்த டூல் உருப்படாது" என்று முடிவு கட்டிவிடுவார். கிட் ஆட்ரிப்யூட்ஸ் ஃபைலில் வரி முடிவு இதுதான் என்று ஒரு வரி எழுதினால் தீர்ந்தது. முதல் நாளே செய்துவிடுங்கள்.

இவ்வளவும் முடிந்தால் மிஞ்சுவது உண்மையான லின்ட்டர் வேலை. இங்கேதான் யோசிக்க வேண்டும். ஒரு பெரிய கம்பெனியின் ரெடிமேட் விதித் தொகுப்பை அப்படியே இறக்கிப் போடும் பழக்கம் நிறைய இடங்களில் இருக்கிறது. அதில் நூற்றுக்கணக்கான விதிகள், அவற்றில் பாதி அந்தக் கம்பெனியின் ருசி. நான் பத்துப் பதினைந்து விதிகளுக்கு மேல் ஆரம்பிக்க மாட்டேன், அவையும் பிழையைப் பிடிப்பவையாகத்தான் இருக்க வேண்டும், அழகைப் பார்ப்பவையாக இல்லை.

ஜாவாஸ்கிரிப்ட்டில் அறிவிக்காத வேரியபிளைப் பயன்படுத்துவது, அறிவித்துவிட்டுப் பயன்படுத்தாமல் விடுவது, ஸ்விட்ச்சில் பிரேக் மறந்து அடுத்த கேஸுக்குள் வழுக்கி விழுவது, ரிட்டர்னுக்குப் பிறகு ஒருபோதும் ஓடாத வரி. இவையெல்லாம் ஈஎஸ்லின்ட்டின் பரிந்துரைத் தொகுப்பிலேயே இருக்கின்றன. பயன்படுத்தாத வேரியபிள் அழகுப் பிரச்சினை மாதிரித் தெரியும், ஆனால் பாதி நேரம் அது "ஒன்றைக் கணக்கிட்டுவிட்டு வேறொன்றைத் திருப்பி அனுப்பினேன்" என்கிற பிழையின் வால்தான். வகைகள் சேர்த்த ஜாவாஸ்கிரிப்ட்டான டைப்ஸ்கிரிப்ட்டுக்கு மாறும் எண்ணம் இருந்தால், அவெய்ட் (முடியும்வரை காத்திரு) போட மறந்த பிராமிஸைப் (பின்னால் முடியப்போகும் வேலையை) பிடிக்கும் விதி ஒன்று இருக்கிறது. அது ஓடுவதற்கு வகைத் தகவல் வேண்டும், அதனால் கொஞ்சம் மெதுவாக ஓடும், ஆனால் என் அனுபவத்தில் மற்ற எல்லா விதிகளையும் சேர்த்தாலும் அந்த ஒன்றுக்கு ஈடாகாது. அவெய்ட் மறந்த நிரல் உங்கள் கணினியில் ஒழுங்காக ஓடும், டெஸ்ட்டில் ஓடும், லோட் ஏறும்போது மட்டும் காலை வாரும்.

பைத்தானில் என் செல்ல விதி, ஃபங்ஷனின் இயல்பு மதிப்பாகக் காலி லிஸ்ட்டை வைப்பதைப் பிடிக்கும் பி006. அந்த லிஸ்ட் ஒவ்வொரு அழைப்புக்கும் புதிதாக வரும் என்று நினைத்துக்கொண்டு எழுதுவோம். உண்மையில் ஃபங்ஷனை வரையறுக்கும்போது ஒரே ஒரு தடவைதான் அது உருவாகிறது, அதில் சேர்ப்பதெல்லாம் அடுத்த அழைப்புக்கும் ஒட்டிக்கொண்டே வரும். ஒரு பயனரின் தகவல் இன்னொருவருக்குத் தெரிந்துபோகிற அளவுக்கு இது போகலாம். இதைக் கண்ணால் பார்த்துப் பிடிக்க ரொம்ப அனுபவம் வேண்டும். லின்ட்டருக்கு ஒரு நொடி.

வடிவத்துக்கும் பிழைக்கும் சம்பந்தமே இல்லையா என்று கேட்டால், இருக்கிறது. 2014 பிப்ரவரியில் ஆப்பிள் அவசரமாக ஒரு திருத்தம் வெளியிட்டது. பாதுகாப்பான இணைப்பின் கையொப்பத்தைச் சரிபார்க்கும் சி நிரலில் ஒரு இஃப், அதற்குக் கீழே "கோட்டு ஃபெயில்" (ஃபெயில் என்று குறித்த இடத்துக்குக் குதி) என்று ஒரு வரி, அதற்குக் கீழே அச்சு அசலாக இன்னொரு தடவை அதே வரி. சுருள் அடைப்புக்குறி கிடையாது. இரண்டாவது வரியும் முதல் வரி அளவுக்கே உள்ளே தள்ளி எழுதப்பட்டிருந்ததால் பார்ப்பவர் கண்ணுக்கு இரண்டும் இஃபுக்குள் இருப்பது போலத் தெரிந்தது. கம்பைலருக்கோ இரண்டாவது வரிக்கும் இஃபுக்கும் சம்பந்தமில்லை, எப்போதும் ஓடும். எரர் மதிப்பு பூஜ்யமாக இருக்கும்போதே கடைசிக்குக் குதித்து, கையொப்பத்தைப் பார்க்காமலேயே "எல்லாம் சரி" என்று திருப்பி அனுப்பியது. ஒரு ஃபார்மேட்டர் ஓடியிருந்தால் அந்த இரண்டாவது வரி இடது பக்கம் நகர்ந்து பல்லை இளித்துக்கொண்டு நின்றிருக்கும். போய்ச் சேராத வரியைக் காட்டும் எச்சரிக்கை ஆன் ஆகியிருந்தாலும் பிடித்திருக்கும். ஏமாற்றும் உள்தள்ளலைக் காட்டும் எச்சரிக்கை ஜிசிசி கம்பைலரின் 6-ஆம் பதிப்பில், 2016-இல் வந்தது.

அடுத்தது வார்னிங். இதில் நான் கொஞ்சம் பிடிவாதக்காரன்: ஒரு விதி எரராக இருக்க வேண்டும், இல்லையென்றால் அணைந்திருக்க வேண்டும். நடுவில் ஒன்றும் கிடையாது. இன்று மூவாயிரம் வார்னிங் இருக்கிறது என்றால் நாளை மூவாயிரத்து ஒன்று ஆவதை எந்தக் கண் பார்க்கும்? அந்த ஒன்றுதான் நிஜமான பிழையாக இருக்கும். வார்னிங்கே வேண்டாம் என்பதை ஈஎஸ்லின்ட்டிடம் அனுமதிக்கப்பட்ட வார்னிங் எண்ணிக்கை பூஜ்யம் என்று கொடுத்து உறுதிப்படுத்தலாம். புதிய விதியை ஒரு வாரம் பழகிப் பார்க்க வார்னிங்காக வைத்தேன் என்றால் ஒப்புக்கொள்வேன், அந்த வாரம் முடியும் தேதி யாருடைய காலண்டரிலாவது இருக்க வேண்டும்.

அப்படியானால் பழைய நிரலில் மீதமிருக்கும் ஆயிரம் எரரை என்ன செய்வது? உட்கார்ந்து திருத்தாதீர்கள். நான்கு வருடமாக ஓடிக்கொண்டிருக்கும் நிரலில் ஆயிரம் இடத்தில் கை வைத்தால் பத்து இடத்திலாவது புதுப் பிழை நுழையும். இருப்பதை அப்படியே பட்டியல் எடுத்து முத்திரை குத்திவிட்டு, அதற்கு மேல் ஒன்றுகூட ஏறக் கூடாது என்று கதவைச் சாத்துவதுதான் வழி. ரூபி உலகத்தில் ரூபோகாப் இதை ரொம்ப நாளாகவே ஒரு டூடூ ஃபைலாக எழுதிக் கொடுக்கிறது, பிஎச்பி மொழிக்கான பிஎச்பிஸ்டான் அதை பேஸ்லைன் என்கிறது, ஈஎஸ்லின்ட்டிலும் 2025-இல் இந்த வசதி வந்துவிட்டது. ரஃப்பில், ஏற்கெனவே இருக்கும் ஒவ்வொரு மீறலுக்கும் வரி ஓரத்தில் விலக்குக் குறிப்பைத் தானே எழுதிவிடும் கட்டளை இருக்கிறது. புதிய நிரல் முதல் நாளிலிருந்தே எல்லா விதிக்கும் கட்டுப்படும், பழையது அந்தப் பக்கம் யாராவது வேறு வேலையாகப் போகும்போது குறையும். எண்ணிக்கை ஏறாது, இறங்க மட்டும்தான் செய்யும்.

"மாறிய ஃபைல்களை மட்டும் லின்ட் செய்வது" என்று ஒரு குறுக்கு வழி சொல்வார்கள், கவனம். ஒருவர் நள்ளிரவில் அவசரமாக ஒரு வரி திருத்தப் போவார், அந்தப் பழைய ஃபைலில் தூங்கிக்கொண்டிருந்த 140 எரரும் அவர் தலையில் விழும். அடுத்த நிமிடம் ஃபைல் உச்சியில் எல்லா விதிகளையும் அணைக்கும் கமென்ட் ஒன்று முளைக்கும், பிறகு அது அங்கேயே குடியிருக்கும்.

தானாகத் திருத்தும் வசதியைப் பற்றியும் ஒரு வார்த்தை, இல்லை, சில வார்த்தைகள், ஏனென்றால் நான் சூடு பட்ட இடம் இது. பைத்தானில் இம்போர்ட்டுகளை அகர வரிசைப்படுத்தும் விதியை ரெப்போ முழுக்க ஓட்டினேன். டெஸ்ட் எல்லாம் பச்சை. சர்வரில் ஏற்றினால் எழவே இல்லை. ஒரு மாட்யூலை இம்போர்ட் செய்வதே சில அமைப்புகளை ஏற்றி வைக்கும்படி யாரோ எழுதியிருந்தார்கள், அது முதலில் வந்தால்தான் அடுத்தது ஓடும், அகர வரிசையில் அது கீழே போய்விட்டது. டெஸ்ட்டில் அந்த அமைப்பு வேறு வழியில் ஏறிக்கொண்டிருந்ததால் தெரியவில்லை. நிரல் எழுதியவர் மேல் கோபம் வந்தது உண்மைதான், ஆனால் ஐந்நூறு ஃபைலை ஒரே தட்டில் மாற்றிவிட்டு என்னென்ன மாறியது என்று காட்டும் டிஃப்பைப் படிக்காமல் ஏற்றியது நான். இன்னொரு தடவை, இரண்டு சமக் குறியை மூன்றாக்கச் சொல்லும் விதிக்காகத் தேடி மாற்றினேன். ஜாவாஸ்கிரிப்ட்டில் இரண்டு சமக் குறி போட்டு, காலி மதிப்பைக் குறிக்கும் "நல்" உடன் ஒப்பிட்டால், மதிப்பே தராததைக் குறிக்கும் அன்டிஃபைன்டும் சேர்ந்து மாட்டும், மூன்றாக்கினால் மாட்டாது. காலியான மதிப்பைத் தடுத்துக்கொண்டிருந்த வாசல்கள் எல்லாம் சத்தமில்லாமல் திறந்துவிட்டன. அந்த விதியில் நல் ஒப்பீட்டை மட்டும் விட்டுவிடச் சொல்லும் தேர்வு இருக்கிறது, அதைப் படிக்காதது என் சோம்பேறித்தனம். ரஃப் இப்போது திருத்தங்களைப் பத்திரமானவை, பத்திரமில்லாதவை என்று பிரித்து, இரண்டாவது வகையை நீங்களாகக் கேட்டால்தான் செய்கிறது. நல்ல ஏற்பாடு. ஃபார்மேட்டரின் மாற்றத்தைக் கண்ணை மூடிக்கொண்டு ஏற்கலாம், லின்ட்டரின் திருத்தத்தை ஒவ்வொரு விதிக்கும் தனிக் கமிட்டாகப் போட்டு, படித்துவிட்டு ஏற்றுங்கள்.

எங்கே ஓட்டுவது? எடிட்டரில் சேமிக்கும்போது ஃபார்மேட் ஆக வேண்டும், அதற்கான எடிட்டர் அமைப்பையும் ரெப்போவிலேயே போட்டு வையுங்கள். கமிட் செய்வதற்கு முன் ஓடும் ஹூக் ஒன்று வையுங்கள், மாறிய ஃபைல்களை மட்டும் ஃபார்மேட் செய்து கொடுத்தால் போதும். ஆனால் ஹூக்கை நம்பாதீர்கள். கிட்டிலேயே ஹூக்கைத் தாண்டிப்போகக் கட்டளையோடு சேர்க்கும் தேர்வு ஒன்று இருக்கிறது, எல்லோருக்கும் தெரியும், ஹூக் ஐந்து விநாடிக்கு மேல் எடுத்தால் எல்லோரும் பயன்படுத்தவும் செய்வார்கள். அது ஒரு உதவி, அவ்வளவுதான். தீர்ப்பு சொல்லும் இடம், ஒவ்வொரு மாற்றத்தையும் சர்வரில் தானாகச் சோதிக்கும் சிஐ மட்டும்தான், அங்கே சிவப்பு என்றால் யாராக இருந்தாலும் மெர்ஜ் கிடையாது, டீம் லீடுக்கும் சேர்த்து. அங்கே ஃபார்மேட்டரை ஃபைலை மாற்றச் சொல்லாமல் சரிபார்க்க மட்டும் சொல்லுங்கள். பைத்தான் பக்கம் வேகம் பிரச்சினையாக இருந்தால், 2022-இல் வந்த ரஃப் ரஸ்ட்டில் எழுதியது, ஃப்ளேக்8 (லின்ட்டர்), ஐசார்ட் (இம்போர்ட்டுகளை வரிசைப்படுத்துவது), பிளாக் மூன்றின் வேலையையும் அதுவே பார்த்துக்கொள்ளும், ஓடியதே தெரியாது.

பதிப்பு எண்ணை ஆணி அடித்து வையுங்கள். இது சின்ன விஷயம் மாதிரித் தெரியும். பிரெட்டியர் 2023-இல் 3.0 ஆனபோது கடைசிக் கமாவின் இயல்பு அமைப்பை மாற்றியது. பிளாக் வருடத்துக்கு ஒரு தடவை, வருட ஆரம்பத்தில், தன் பாணியைத் திருத்திக்கொள்கிறது. ஒருவர் கணினியில் பழையது, சிஐயில் புதியது என்றால் ஒருவர் கமா போடுவார், இன்னொருவர் எடுப்பார், நாள் முழுக்க இதே கூத்து. எடிட்டரும் ஹூக்கும் சிஐயும் ஒரே பதிப்பைத்தான் ஓட்ட வேண்டும். பதிப்பை உயர்த்தினால் அதற்கும் தனிக் கமிட், அதையும் பிளேம் ஃபைலில் சேர்த்துவிடுங்கள். ஈஎஸ்லின்ட்டும் பிரெட்டியரும் சேர்ந்து ஓடும்போது ஒன்றுக்கொன்று முட்டிக்கொள்ளும் விதிகளை அணைக்க ஒரு ரெடிமேட் கான்ஃபிக் இருக்கிறது, அதைக் கடைசியாகச் சேருங்கள், முதலில் சேர்த்தால் மற்றவை அதை மறுபடி ஆன் செய்துவிடும். தானாக உருவாகும் ஃபைல்களையும் வெளியிலிருந்து கொண்டுவந்த நூலகங்களையும் விலக்கிவிடுங்கள்.

விதி விலக்கு தரும் கமென்ட்டுகளைத் தடை செய்ய வேண்டாம், சில இடங்களில் டூல் உண்மையிலேயே தப்பாகச் சொல்லும். ஆனால் எந்த விதி, ஏன் என்ற இரண்டும் அந்த வரியில் இருக்க வேண்டும், வெறுமனே "எல்லாவற்றையும் அணை" என்பது கூடாது. ஈஎஸ்லின்ட்டில் இரண்டு கோடு போட்டுக் காரணத்தை எழுதலாம். தேவையில்லாமல் போன விலக்குகளைக் கண்டுபிடித்துச் சொல்லும் வசதியும் இரண்டு பக்கமும் இருக்கிறது, ரஃப்பில் அது ஆர்யுஎஃப்100. அதை ஆன் செய்யாவிட்டால் விலக்குகள் குப்பையாகச் சேரும்.

புதிய விதி யார் சேர்க்கலாம்? யார் வேண்டுமானாலும், ஆனால் அந்த விதி பிடித்திருக்கக்கூடிய ஒரு பிழையை நம் ரெப்போவிலிருந்தே காட்ட வேண்டும். இந்த ஒரு நிபந்தனை பாதி விவாதத்தை ஆரம்பிக்கும் முன்பே முடித்துவிடும். அதோடு, இடைவெளி, கமா பற்றி ரிவ்யூவில் யாரும் கமென்ட் எழுதக் கூடாது என்று சொல்லிவிடுங்கள், டூல் சொல்லாததை மனிதரும் சொல்ல வேண்டாம். பெயர் வைப்பது மட்டும் மனிதர் வேலையாகவே இருக்கட்டும். ஒட்டக நடையா (சொல்லுக்குச் சொல் பெரிய எழுத்து) அடிக்கோடா என்பதை லின்ட்டர் பார்க்கும், ஒரு ஃபங்ஷனின் பெயர் அது செய்யும் வேலையைச் சொல்கிறதா என்பது அதற்குத் தெரியாது. ரிவ்யூவில் மிச்சமாகும் நேரத்தை அதற்குச் செலவிடுங்கள்.

கடைசியாக அந்த மூத்தவர். அவரோடு சண்டைக்குப் போகாதீர்கள், ஏனென்றால் பாதி விஷயத்தில் அவர் சொல்வது சரி. எண்களை நெடுவரிசையில் அடுக்கி எழுதிய ஒரு அணியையோ அட்டவணையையோ ஃபார்மேட்டர் குதறிப்போட்டால் படிக்க முடியாமல்தான் போகும். அதற்கென்றே பிளாக்கிலும் ரஃப்பிலும் ஃபார்மேட்டை நிறுத்தவும் மறுபடி தொடங்கவும் கமென்ட் இருக்கிறது, பிரெட்டியரில் அடுத்து வரும் கூறை மட்டும் தொடாதே என்று சொல்லலாம். பெரிய ஃபார்மேட் கமிட் போடுவதற்கு முன் அவரையே உட்காரவைத்து, எந்த அட்டவணைகளுக்கு அந்தக் கமென்ட் வேண்டும் என்று குறித்துத் தரச் சொல்லுங்கள். நான் இப்படிச் செய்த இடத்தில், ரெப்போ முழுக்க மெஷின் தொடக் கூடாது என்று நின்றவர், தேடிப் பார்த்துவிட்டுக் குறித்துக் கொடுத்தது பதினோரு இடம்.